எங்கள் வீட்டுக் கொன்றைக்கு எட்டு வயது

1

இந்த மே மாதத்தோடு நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து இருபது வருடம் முடிந்தது. "கேக் வாங்கிடலாமா?" என்று கேட்டார் என் கணவர் அமல். எனக்குக் கேக்கின் மேல் கவனமே போகவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று தொண்டைவரை வந்து நிற்கிறது. இங்கே யாரிடம் சொன்னாலும் "அப்படியா, ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுக் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன். எங்கள் தோட்டத்து மரம் பூத்துவிட்டது.

சிரிக்காதீர்கள். ஏழு வருடமாக இலையைத் தவிர வேறு எதையும் காட்டாத மரம் அது. நான் வேலை பார்க்கும் மருத்துவமனை ஆய்வகத்தில் என்னை "மரத்துக்காரி" என்று கூப்பிடுகிற அளவுக்கு அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒரு கட்டத்தில் அதை வெட்டுவதற்கு நாள்கூடக் குறித்தாயிற்று. அது எப்படித் தப்பியது, யார் காப்பாற்றியது, அதற்குள் என் மகள் அனிட்டா என்ன தமிழ் கற்றுக்கொண்டாள் என்பதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கிறது. முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

2

அடையாற்றில், பாலத்துக்குக் கொஞ்ச தூரத்தில், ஒரு குறுக்குத் தெருவில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா கணக்கு வாத்தியார். வாசலுக்கு நேர் எதிரே ஒரு சரக்கொன்றை மரம். ஏப்ரல் பிறந்தால் இலையெல்லாம் கொட்டிப்போய், கிளை கிளையாக மஞ்சள் சரம் தொங்கும். ஈஸ்டர் பூசைக்குக் கிளம்பும்போது அம்மா வெள்ளைப் புடவையை உதறிக்கொண்டே போவார். உதறினாலும் இரண்டு இதழ் கோயில்வரை கூடவே வந்துவிடும்.

அந்த மரத்தடியில்தான் செல்வியின் அம்மா இஸ்திரி வண்டி போட்டிருந்தார். செல்வியும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவர்கள் வீடு ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் பையை எங்கள் வீட்டில் வீசிவிட்டு, வண்டியிலிருந்து துணி மூட்டையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். நானும் ஓடுவேன். என் அம்மா சத்தம் போடுவார். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், பாலவாக்கம் பக்கம் ஒரு செடிப் பண்ணையில் வேலைக்குப் போனாள். நான் கல்லூரி, ஆய்வகப் பயிற்சி, கல்யாணம், விசா என்று போய்க்கொண்டிருந்தேன். நான் வெளிநாடு வந்த பிறகு ஆற்றங்கரையைக் காலி செய்து அங்கிருந்த குடும்பங்களை ஊருக்கு வெளியே, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பிவிட்டார்கள். செல்வி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு டிசம்பர் புயலில் கொன்றை மரமும் வேரோடு சாய்ந்தது. என் அண்ணன் சகாயம் ஃபோட்டோ அனுப்பியிருந்தான். தெருவை அடைத்துக்கொண்டு அது கிடந்த படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழுகை வரவில்லை. நான் இல்லாதபோது இதெல்லாம் நடக்கிறதே என்று கோபம்தான் வந்தது.

3

ஒன்பது வருடத்துக்கு முன்னால் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் சாந்தோமில் வீடு வாங்கியிருந்தான். மொட்டை மாடிக்குப் பூந்தொட்டி வாங்கலாம் என்று இரண்டு பேரும் பாலவாக்கம் போனோம். சாலையோரம் வரிசையாகச் செடிப் பண்ணைகள். ஒன்றில் நுழைந்து, அடுத்ததற்குப் போகலாமா என்று திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"ஏய், பிலோ!"

என் முழுப்பெயர் ஃபிலோமினா. என்னைப் "பிலோ" என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஆள்தான். முழங்கைவரை செம்மண், இடுப்பில் சொருகிய கத்தரி, தலையில் துண்டு. செல்வி!

"இன்னாமே, அடையாளம் தெர்ல? இந்த மூஞ்சிய மறந்துட்டியா நீ?"

அண்ணன் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே உரமூட்டை மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். அவள் அம்மா இறந்துபோனது, இரண்டு பிள்ளைகள், புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுவது, தினமும் இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருவது எல்லாம் சொன்னாள். கிளம்பும்போது, "இரு" என்று உள்ளே போய்க் கறுப்பாக, முழ நீளத்துக்கு ஒரு கொன்றைக் காயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நம்ம மரம் பூட்ச்சில்ல. இத்த எத்துனு போய் உன் ஊர்ல போடு."

அந்தக் காயைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். பொய் சொல்லத் தெரியாத குடும்பம் எங்களுடையது. விமான நிலையப் படிவத்தில் "விதை உண்டு" என்ற கட்டத்தில் குறி போட்டேன். அதிகாரி காயைக் கையுறையால் தூக்கிப் பிடித்து, "இது சாப்பிடுகிற பொருளா?" என்று கேட்டார். பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் கலைந்துபோயிற்று. "இல்லை, இது மருந்து... மருந்தில்லை, வயிறு போவதற்கு... இல்லை, இது பூ" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி மரியாதையாகவே பேசினார். மரியாதையாகவே காயை மஞ்சள் தொட்டிக்குள் போட்டார். விதை உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அழைத்துப்போக வந்திருந்த அமலிடம் கார் வீடு சேரும்வரை அதைச் சொல்லியே புலம்பினேன்.

விட்டுவிடுவேனா? ஒரு வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையாக அலைந்தேன். ஒருநாள் செடி விற்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, "கேசியாவா? இருக்கிறதே!" என்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை நீட்டினார். கேசியா என்பது கொன்றையின் தாவரப் பெயர் என்று படித்திருந்தேன். என்ன நிறம், எந்த வகை என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கன்றைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அனிட்டாவுக்கு அப்போது ஏழு வயது. அவள்தான் குழிக்குள் முதல் பிடி மண்ணைப் போட்டாள்.

4

நாங்கள் இருப்பது குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். கிட்டத்தட்ட நம்ம ஊர் வெயில். மரம் கிடுகிடுவென வளர்ந்தது. காலையில் ஒரு தண்ணீர், மாலையில் ஒரு தண்ணீர், மாதம் தவறாமல் உரம். நான் கொடுத்த உபசரிப்பில் அது கூரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் கிளை நீட்டியது. பூ மட்டும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு நான் அண்ணாந்து பார்ப்பேன். அமல், "அதுக்குப் பதிலா எலுமிச்ச வெச்சிருந்தா இந்நேரம் ஊறுகா போட்டிருக்கலாம்" என்பார்.

போன வருடம் மே மாதம் தபால்பெட்டியில் ஒரு கடிதம். பக்கத்து வீட்டுக் கென் எழுதியது. எழுபது வயதுக்காரர், தனியாக இருப்பவர், வணக்கம் சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான். எங்கள் மரத்து இலைகள் அவர் கூரை வடிகாலை அடைப்பதாகவும், கிளை ஒருநாள் கூரை மேல் விழும் என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் ஊர் கவுன்சிலிலிருந்து ஒரு படிவமும் வந்துவிட்டது.

அந்தப் படிவத்தில் "மரத்தின் பெயர்" என்று ஒரு கட்டம். ஏதோ நினைவில் "கொன்றை" என்று ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஃபோன் செய்தாள். அப்படி ஒரு மரம் தங்கள் பட்டியலில் இல்லை, தடை செய்யப்பட்ட களையா என்று சந்தேகமாக இருக்கிறது, தாவரப் பெயர் வேண்டும் என்றாள். சொன்னேன். "பூவின் படம் இருந்தால் அனுப்புங்கள், உறுதி செய்துகொள்கிறோம்" என்றாள்.

"இன்னும் பூக்கவில்லை."

"எத்தனை வருடமாக?"

"ஏழு."

 வருடக் கடைசிவரை கோப்பைத் திறந்தே வைத்திருப்பதாகவும், அதற்குள் மரம் இன்னதென்று தெரியாவிட்டால் எடுத்துவிடுவது நல்லது என்றும் சொன்னாள். அன்பாகத்தான் சொன்னாள். 

அன்றைக்கே செல்விக்கு வீடியோ கால் போட்டேன். பண்ணையில் மதியச் சாப்பாட்டு நேரம். ஃபோனைத் திருப்பி மரத்தைக் காட்டச் சொன்னாள். கிளையைக் கிட்டே காட்டு, இலையைக் கிட்டே காட்டு என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தண்ணி எத்தினி வாட்டி ஊத்துற?"

"ரெண்டு தடவை. தினமும்."

"தினமுமா? பிலோ, நீ மரம் வளக்கல, எரும வளக்குற. மொதல்ல தண்ணிய நிறுத்து. உரத்த தூக்கி யாருக்குனா குட்த்துரு. வயிறு ரொம்பிக்கினே இருந்தா அது எதுக்குப் பூக்கும்? குளிரு முடியிற வரிக்கும் ஒரு சொட்டு காட்டாத."

"செத்துடாதா?"

"சாவாது. காயட்டும். காஞ்சாதான் அதுக்குப் பூக்கணும்னு புத்தி வரும்."

5

சொல்வது சுலபம். ஏழு வருடப் பழக்கம் இருக்கிறதே. காலையில் காபியைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனால் என் கை தானாகக் குழாயைப் பிடிக்கும். மூன்றாம் நாளே செல்வியிடம் மாட்டிக்கொண்டேன். பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஈரத் தரையைப் பார்த்துவிட்டாள்.

"உன் பொண்ணக் கூப்புடு" என்றாள்.

அனிட்டாவுக்கு அப்போது பதினான்கு வயது. இந்த ஊர்க் குழந்தை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசினால் காதில் எதையாவது மாட்டிக்கொள்வாள். இரண்டு வருடம் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினோம். "அணில், ஆடு" வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். ஞாயிறு பூசைக்குக்கூட வாசல்வரை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அரைமனதாக வந்து திரையைப் பார்த்து, "ஹாய் ஆன்ட்டி" என்றாள்.

"ஆன்ட்டி கீன்ட்டின்னா போன வெச்சிருவேன். அத்தைன்னு கூப்டு. இத பாரு கண்ணு, உங்கம்மா கைல பைப்பு இருந்தா புடுங்கிடு. நீதான் சூப்பர்வைசர். வாராவாரம் சனிக்கெயம எனக்கு மரத்த காட்டணும். இன்னா, பிரிஞ்சிதா?"

அனிட்டா என்னைப் பார்த்தாள். "அம்மா, 'பிரிஞ்சிதா' என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "புரிந்ததா" என்று விளக்கினேன். சூப்பர்வைசர் என்ற வார்த்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே குழாயின் திருகைக் கழற்றித் தன் அறையில் ஒளித்துவைத்துவிட்டாள்.

சனிக்கிழமை தோறும் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். முதலில் ஐந்து நிமிடம். பிறகு அரை மணி. செல்விக்கு ஆங்கிலம் வராது, இவளுக்குத் தமிழ் வராது. மரத்தைக் காட்டிக் காட்டியே பேசினார்கள். பண்ணையில் செல்வி பதியன் போடுவதை அனிட்டா பார்ப்பாள். பஸ்ஸில் நசுங்கிக்கொண்டே செல்வி பேசும்போது, கண்டக்டரோடு அவள் போடும் சண்டையையும் கேட்பாள். ஒருநாள் சமையலறையில் இருந்தபோது தோட்டத்திலிருந்து ஒரு குரல்: "அத்த, இன்னைக்கு நாலு இலை கொட்டிகினுச்சு!" எனக்குக் கரண்டி கைநழுவியது.

ஜூலையில் அண்ணனுக்குப் பிறந்தநாள். மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் தமிழாசிரியர். ழகரத்தைத் தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏற்றுகிறவன். வீடியோவில் எல்லாரும் வாழ்த்துச் சொன்னோம். அனிட்டா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னா மாமா, சோக்கா கீறியா?" என்றாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். துடைத்தான். திரும்பப் போட்டுக்கொண்டான்.

"ஃபிலோ, யார்கிட்டடி கத்துக்குறா இவ?"

"செல்விகிட்ட."

"பதினாலு வருஷமா என்கிட்ட 'ஹாய்'னு ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கா" என்றான். கொஞ்சம் யோசித்தான். "சரி, பேசட்டும். ஆனா 'கீறியா' எல்லாம் ஸ்கூல் பக்கம் வந்தா மட்டும் வேணாம்னு சொல்லு."

6

ஆகஸ்டில் மரம் மொட்டையாகிவிட்டது. மஞ்சளாகி, பழுப்பாகி, ஒரு வாரத்தில் எல்லா இலையும் கீழே. எலும்புக்கூடு மாதிரி நின்றது. கென் தன் வடிகாலை மூன்று முறை சுத்தம் செய்தார். ஒவ்வொரு முறையும் ஏணியிலிருந்து எங்கள் பக்கம் ஒரு பார்வை.

அமல் பொறுமைசாலிதான். ஆனால் அவரும் மனிதர். "ஃபிலோ, அது முடிஞ்சுபோச்சு. ஒத்துக்கோ. காஞ்ச மரம் கூரை மேல விழுந்தா இன்சூரன்ஸ்காரனுக்கு நான் என்ன சொல்றது?" என்றார். மரம் வெட்டுகிறவரை வரவழைத்துப் பேசி நவம்பர் கடைசி வாரத்துக்கு நாள் குறித்துவிட்டார். நான் எதிர்த்துப் பேசவில்லை.  அன்றைக்கு ஆய்வகத்தில் ஒரு ரத்த மாதிரிக்கு இரண்டு முறை பெயர் ஒட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் கவனித்ததால் தப்பித்தேன்.

அந்தச் சனிக்கிழமை அனிட்டா செல்வியிடம் அழாத குறையாகச் சொன்னாள். செல்வி அசையவில்லை.

"நகத்தால பட்டைய லைட்டா கீறிப் பாரு."

அனிட்டா சின்னக் கிளை ஒன்றைக் கீறினாள். 

"பச்சையா கீது அத்த! உள்ள பச்சையா கீது!"

"அப்பால இன்னா? மெய்யாலுமே சொல்றேன், அது தூங்குது. அந்த மரம் வெட்றவன ஒரு மாசம் தள்ளி வரச் சொல்லு."

அமல் தள்ளிப்போட ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அனிட்டா அவரைத் தோட்டத்துக்கு இழுத்துப்போய், கீறிய இடத்தைக் காட்டி, "அப்பா, நீ பேஜார் பண்ணாத" என்றபோது அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனிதர் அதே கோபத்தோடு இருக்க முடியாதே. நாளைத் தள்ளவும் இல்லை, உறுதி செய்யவும் இல்லை. அப்படியே தொங்கியது.

7

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. காலை ஆறரை மணி. நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. பின்பக்கக் கதவு படாரென்று திறக்கும் சத்தம், பிறகு அனிட்டாவின் அலறல். பாம்பு என்று நினைத்துச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அமல் கையில் துடைப்பத்தோடு பின்னால் வந்தார்.

அவள் மரத்தடியில் நின்று மேலே கை காட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகக் கிளைகளில் மணி மணியாக ஏதோ தெரிந்தது. துளிர் இலை என்று நினைத்திருந்தோம். அதெல்லாம் மொட்டு! இரவோடு இரவாக விரிந்திருக்கிறது. கிளையை மூடிக்கொண்டு கொத்துக் கொத்தாக, கை வைக்க இடமில்லாமல் பூ.

ரோஸ் நிறத்தில்.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தேன். ரோஸ்தான். அடியில் வெளிர் ரோஸ், நடுவில் அடர் ரோஸ், இடையில் மஞ்சள் மகரந்தக் காம்பு. என் சரக்கொன்றை எங்கே? மஞ்சள் சரம் எங்கே? ஏழு வருடம் யாருக்கு நான் தண்ணீர் ஊற்றினேன்? ஒரு நொடி ஏமாற்றமாக இருந்தது. அடுத்த நொடி அமல் துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. மூன்று பேரும் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

சென்னையில் பொழுது விடியும்வரை காத்திருப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. பதினொரு மணிக்கு, அங்கே காலை ஆறரைக்கு, அனிட்டா அழைத்தாள். செல்வி பல் துலக்கிக்கொண்டிருந்தாள். பிரஷ் வாயிலேயே இருக்க, திரையைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள்.

"செங்கொன்ன! நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல!"

"நீ எங்கடி சொன்ன?" என்றேன். "சரக்கொன்றைன்னுதானே எல்லாரும் நெனச்சோம்?"

செல்வி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். "நீ நெனச்ச. நான் மே மாசமே எலயப் பாத்துட்டேன். சரக்கொன்ன எல பெருசா, கொஞ்சமா இருக்கும். இது சின்னச் சின்னதா, நெறய. முப்பது வருசமா இந்தப் பொழப்புதான, தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வெட்டிருப்ப. நம்ம மரம் இல்லன்னு வெட்டிட்டு, அடுத்த கன்னு தேடினு போயிருப்ப. பாவம், அது இன்னா பண்ணிச்சு?"

 அவள் சொன்னது உண்மை. மே மாதம் அந்தச் செய்தி வந்திருந்தால் நானே மரம் வெட்டுகிறவருக்கு ஃபோன் செய்திருப்பேன்.

செல்வி ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கேயோ நடந்தாள். படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, வரிசையாகக் குடங்கள். "அனிம்மா, இத்த பாரு" என்று ஃபோனை மேலே தூக்கினாள். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு மரம். பெரிய பெரிய இலை. கறுத்த நீளக் காய்கள் தொங்கின.

"பண்ணைல கன்னு ஒண்ணு முறிஞ்சி கெடந்திச்சி. ஓனரு தூக்கிப் போடச் சொன்னாரு. எத்துனு வந்து இங்க வெச்சேன். ரெண்டு வருசமா பூக்குது. மஞ்சளா, நம்ம தெருவுல இருந்த மாரியே."

"ரெண்டு வருஷமாவா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே செல்வி!"

"உன்து பூக்காதப்ப நான் எப்டி சொல்றது?" என்றாள். பிறகு வேறு பக்கம் திரும்பி, "பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் கென் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். தன் கூரைப் பக்கம் நீண்ட கிளையை மட்டும் எடுத்தால் போதும் என்றார். "அதையும் பூ கொட்டிய பிறகு செய்யுங்கள்" என்றார். பதினொரு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

திங்கட்கிழமை பூவின் படத்தைக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். முன்பு நான் சொன்னது சரக்கொன்றையின் பெயர், அது தப்பு, மன்னிக்கவும் என்றும் எழுதினேன். அதே பெண் ஃபோன் செய்தாள். பெயர் மாறினால் புதுப் படிவம் நிரப்ப வேண்டும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த மரத்தை நேரில் பார்க்க வரலாமா?" என்று கேட்டாள். வந்தாள். தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

8

ஈஸ்டர் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது அனிட்டா கடற்கரை விடுதி எதையும் சொல்லவில்லை. "செல்வி அத்த வூடு" என்றாள். அமலுக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

சாந்தோமில் அண்ணன் வீட்டில் இறங்கி, ஈஸ்டர் முடிந்த மறுநாள் காலை ஆட்டோ பிடித்தோம். ஏப்ரல் வெயில் ஒன்பது மணிக்கே கொளுத்தியது. நொச்சிக்குப்பம் தாண்டும்போது மீன் வாடையில் மூக்கைப் பிடிப்பாள் என்று பார்த்தேன். தலையை வெளியே நீட்டி வஞ்சிரமா, சங்கராவா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அடையாறு பாலத்தைக் கடந்தோம். எங்கள் பழைய தெரு முனையில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லலாமா என்று தோன்றியது. சொல்லவில்லை. திருவான்மியூர் சிக்னலில் ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்து, "பாப்பா எந்த ஏரியா?" என்று கேட்டார். நம்ம பேச்சு, ஆனால் எங்கேயோ உதைக்கிறதே என்று அவருக்குக் குழப்பம். அனிட்டா, "கொஞ்சம் தள்ளி" என்றாள். அவர் சிக்னல் பச்சையான பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார்.

குடியிருப்புக்குள் ஆட்டோ திரும்பும்போதே தெரிந்துவிட்டது. சாம்பல் நிறக் கட்டடங்கள் வரிசையாக. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மஞ்சள். இலையே கண்ணுக்குத் தெரியாமல், கிளையிலிருந்து சரம் சரமாக. கீழே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள், குடங்கள், ஒரு நாய், எல்லாவற்றின் மேலும் மஞ்சள் இதழ். நான் ஆட்டோ நிற்பதற்கு முன்னால் இறங்கிவிட்டேன்.

செல்வி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புதுப் புடவையில் நின்றாள். அனிட்டா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருவரும் திரையில் பார்த்ததைவிட உயரமா குள்ளமா என்று ஒருவரையொருவர் அளந்துகொண்டார்கள். நான் மரத்தைத் தொட்டேன். அப்புறம் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.  அவள் உள்ளங்கை மரப்பட்டையைவிடச் சொரசொரப்பாக இருந்தது.

தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். செல்வியின் ஃபாரின் சிநேகிதி, அவள் பெண் என்று விஷயம் பரவியது. ஒரு பெண் அனிட்டாவைக் கேட்டாள்: "உங்க ஊர்ல இந்த மாரி மரம்லாம் கீதா பாப்பா?"

"கீது அக்கா. எங்க வூட்லயே கீது. ஆனா எங்க ஊர்ல அது ரோஸ் கலர்ல பூக்கும்."

"ஏய், அது வேற, இது வேறன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்றாள் செல்வி.

"ரெண்டும் கொன்னதான அத்த?"

செல்வி யோசித்தாள். "கொன்னதான்" என்று ஒத்துக்கொண்டாள்.

ரோஸ் நிறக் கொன்றையா, பொய் சொல்லாதே என்றார்கள் பெண்கள். அனிட்டா ஃபோனை எடுத்துப் படத்தைக் காட்டினாள். முதல் பெண் வாங்கிப் பார்த்து, "யம்மாடி!" என்று அடுத்தவளிடம் கொடுத்தாள். முதல் மாடியிலிருந்து ஒரு குரல் எங்களுக்கும் காட்டு என்றது. ஒருத்தி படியேறிப் போனாள். பிறகு இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. ஒவ்வொரு பால்கனியிலும் ஒரு தலை எட்டிப் பார்த்து, கீழே நிற்கிற அனிட்டாவைக் கூப்பிட்டு ஏதாவது கேட்டது. அவளும் கழுத்தை அண்ணாந்து, முடியில் மஞ்சள் இதழ் ஒட்டியிருக்க, ஒவ்வொருவருக்கும் கத்திக் கத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஃபோன் எங்கள் கைக்குத் திரும்பி வர அரை மணி நேரமாயிற்று.